ஏப்ரல் ஐந்து, இரவு

பதினாலாயிரம் பவுண்டு.
கப்பல் கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பியபோது
கையில் திணித்த தொகை.
ஃபிஷ்கார்டிலிருந்து அயர்லாந்துக்குப் போகிற
லாரிக்காரர்களுக்கு
இருபத்திரண்டு வருஷம் முட்டை பொரித்ததற்கு.

நள்ளிரவோடு வரி ஆண்டு முடிகிறது.
அதற்குள் வரியில்லாக் கணக்கு ஒன்றில் போடாவிட்டால்
இந்த ஆண்டுச் சலுகை
ஆறிப்போன சூப், கொட்டத்தான் வேண்டும்,
என்கிறாள் நெரிஸ்.
எனக்குப் புரியட்டும் என்று
அடுப்படி மொழியில் சொல்கிறாள்.

நினைத்தபோது எடுக்கலாம் என்றால் அரை சதவீதம்.
கால்குலேட்டரைத் தட்டினேன்.
வருஷத்துக்கு எழுபது பவுண்டு.
பொத்தான் தேய்ந்திருக்குமோ என்று
இன்னொரு முறை தட்டினேன்.
எழுபதுதான்.

ஐந்து வருஷம் பூட்டினால் ஒரு சதவீதம்.
நடுவில் திறந்தால்
ஒரு வருஷ வட்டியை அபராதமாகப் பிடிப்பார்கள்.
"பிடிக்கட்டுமே, பெரிய புதையல்" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

பங்குச் சந்தையில் போடுகிற வகையும் இருக்கிறது.
அதன் வரைபடம் ஏறி இறங்கி ஏறியது.
அந்தக் கடலை எனக்குத் தெரியும்.
அதில் வாணலி பிடித்து நின்றிருக்கிறேன்.
பக்கத்தைத் திருப்பினேன்.

வரி கிடையாது, வரி கிடையாது என்று
பக்கத்துக்கு நாலு தடவை அச்சடித்திருக்கிறார்கள்.
எழுபது பவுண்டுக்கு
எந்த ராஜாங்கம் வாசல் ஏறி வரப்போகிறது?
மொட்டைத் தலைக்குச் சீப்பு இலவசம்.

"இன்றைக்கு மொட்டை" என்றாள் நெரிஸ்.
"என்றைக்காவது முளைக்கும்.
அன்றைக்கு ஓடிப்போய்க் கேட்டால்
இந்த வருஷத்துச் சீப்பைத் தரமாட்டார்கள்."
பள்ளிக்கூடத்துக் கணக்குவழக்கை
பதினெட்டு வருஷம் கட்டி ஆண்டவள்.
நான் தேநீர் போட எழுந்தேன்.

பத்தே காலுக்கு எம்லினின் போன்.
அவள் தம்பி. மேட்டுமேல் ஆட்டுப்பண்ணை.
"ஒன்று ஈன முடியாமல் திணறுகிறது.
என் கை பெரிசு.
அக்காவின் கை வேண்டும்."

மோதிரத்தைக் கழற்றி
விளம்பரத்தாளின் மேல் வைத்தாள்.
கோட்டுக்குள் ஒரு கையை நுழைத்தபடி
"நீயே முடிவு பண்ணு, பன்னிரண்டுக்குள்"
என்று போய்விட்டாள்.
காரின் பின்விளக்கு
வேலியோரம் வளைந்து மறைந்தது.

வட்டி குட்டி போடும் என்பார்கள்.
என் வட்டி மலடு என்று
யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம்.
எத்தனை நாள் காத்திருக்கிறாய் என்பதுதான் கேள்வி.

மோதிரம் ஐந்து வருஷக் கட்டத்தின் மேல் இருந்தது.
வேண்டுமென்றே வைத்தாளா, தெரியவில்லை.
தூக்கிப் பார்த்தேன்.
கீழே ஒரு சதவீதம்,
வட்டத்துக்குள் அகப்பட்ட எறும்பு மாதிரி.

ஐந்து வருஷம் கழித்து எனக்கு அறுபத்தொன்று.
அந்த ஆளோடு எனக்குப் பழக்கமில்லை.
முழங்காலுக்குக் காசு கேட்பானா,
கூரைக்கா, பல்லுக்கா?
எழுபது பவுண்டு கூடுதலாகத் தருகிறேன்,
ஐந்து வருஷம் வாயைத் திறக்காதே என்று
அவனிடம் எப்படிச் சொல்வது?

பதினொன்று நாற்பத்தெட்டுக்கு
அரை சதவீதத்தின் மேல் விரலை வைத்தேன்.
திரை சற்று நேரம் சுற்றியது.
"கணக்குக்குச் செல்லப்பெயர் வைக்கலாம்" என்றது.
பெட்டி காலியாக மினுக்கியது.
அப்படியே விட்டேன்.

ஒன்றரைக்குத்தான் திரும்பினாள்.
உடம்பெல்லாம் ஈரக் கம்பளி, அயோடின்,
முழங்கை வரை காய்ந்த ஏதோ ஒன்று.
"எதில் போட்டாய்?"
"அரையில்."
தண்ணீர்க் குழாயைத் திறந்தாள்.
கொஞ்ச நேரம் தண்ணீர் மட்டும் பேசியது.
"சரி" என்றாள்.

"ஆடு?"
"ரெண்டு குட்டி. ஒன்று எழுந்து நிற்கிறது."
மற்றதைப் பற்றி நான் கேட்கவில்லை.

"ஒரு ஆட்டுக்கு ஒரு குட்டி.
நூறு சதவீதம், நெரிஸ், ஒரே ராத்திரியில்."

குனிந்திருந்த தோள்கள் குலுங்கின.
அழுகிறாளோ என்று கிட்டே போனேன்.

"அதற்கு வரி உண்டு" என்றாள்,
கண்ணை மூடிக்கொண்டே
சோப்பைத் தேடியபடி.